வீரப்பிரதாபன் செத்த ஞாயித்துக்கிழமையும் என் லீவு லெட்டரும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒரே ஒரு கையெழுத்து வாங்குறது.

ஞாயித்துக்கிழமை காலைல மரைன் ஹில் ஏறணும். ஹெட் கிளார்க் சிதம்பரநாதன் சார் வீட்டுக் கதவத் தட்டணும். லீவு லெட்டர நீட்டணும். அவர் பரிந்துரை எழுதி கையெழுத்துப் போட்டதும் ஒரு கும்பிடு போட்டுட்டு இறங்கி வந்துடணும். அரை மணி நேர வேலை.

ஒம்பது மணிக்கு ஏறினேன். இறங்கும்போது சாயங்காலம் அஞ்சு.

போன வாரம் நான் ஆடுற பழைய கம்ப்யூட்டர் கேம் படம் ஒண்ணு இங்க போட்டிருந்தேன்ல? கட்டம் கட்டமா ஒரு இருட்டுப் பாதாளம். அதுல கத்தியோட ஒரு குட்டி பொம்மை. சுத்தி எலும்புக்கூடு. முதல் மாடியிலயே ஏழு தடவை செத்தேன்னு எழுதியிருந்தேன். ஒரு தம்பி ரொம்ப அக்கறையா, 'அங்கிள், இந்த மாதிரி ரெட்ரோ கேம் ஆடுறது இதான் ஃபர்ஸ்ட் டைமா?'ன்னு கேட்டிருந்தாரு.

தம்பி, நான் இந்த ஆட்டத்துல மொதல்ல இறங்கினப்ப அந்தமானுக்கு டிவியே வரல. எழுபதுகளோட கடைசி. கம்ப்யூட்டர் இல்ல, கரன்ட் கூட இல்ல, ஒரு பாய் விரிச்சு ஆடினோம். அந்த ஆட்டத்துக்கும் என் லீவு லெட்டருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்ட கதையத்தான் சொல்ல வந்தேன்.

அப்ப நான் போர்ட் பிளேர்ல ஒரு கவர்மென்ட் ஆபீஸ்ல டெம்பரரி கிளார்க். சொந்த ஊரு மானாமதுரைப் பக்கம். என் சம்சாரம் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனவ, அங்கயே பொம்பளப் புள்ளையப் பெத்து ஏழு மாசமாச்சு. நான் இன்னும் முகத்தப் பாக்கல. ஒரு போட்டோ வந்துச்சு. அதுலயும் புள்ள அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, காது மட்டும்தான் தெரிஞ்சுது. அந்தக் காதையே ஒரு மாசமா பாத்துக்கிட்டு இருந்தேன்.

இப்ப அந்தக் காதைக் குத்தப் போறாங்களாம். சம்சாரம் எழுதியிருந்தா. 'மொட்டையடிச்சுக் காது குத்துறோம். இந்தக் கப்பலுக்கு வரலைன்னா விடுங்க. அவளே ஒரு நாள் நடந்து வந்து உங்களப் பாத்துக்குவா.' கடிதத்துல வேற ஒண்ணுமில்ல. எப்பவும் 'உடம்பைப் பாத்துக்கவும்'னு முடிப்பா. அந்த வரியவே காணோம்.

மெயின்லேண்டுக்குக் கப்பல் அப்பல்லாம் நினைச்சா கிடைக்காது. ஒண்ணு போனா அடுத்தது மூணு வாரமோ நாலு வாரமோ, அது கடவுளுக்கும் கப்பலுக்கும் உள்ள விஷயம். திங்கக்கிழமை காலைல ஃபீனிக்ஸ் பே டிக்கெட் கவுண்டர்ல லீவு ஆர்டரக் காட்டினாத்தான் பேரு ஏறும். ஆபீசர் கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுவாரு. ஆனா அதுக்கு மேல ஹெட் கிளார்க் பரிந்துரை இருக்கணும். நாப்பத்தஞ்சு நாள் சுட்டி கேட்டிருந்தேன். லீவுக்கு இங்க எல்லாரும் சுட்டின்னுதான் சொல்லுவோம், ஹிந்தி நாக்குல ஒட்டிக்கிச்சு.

வாரம் பூரா ஹெட் கிளார்க் சார் என் லெட்டர 'பாக்கலாம், பாக்கலாம்'னு தள்ளிக்கிட்டே இருந்தாரு. அதான் வீட்டுக்கே கிளம்பிட்டேன்.

மரைன் ஹில் ஏத்தத்துல ஏறி, தகரக் கூரை போட்ட அந்த மரவீட்டுக்கு முன்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு நின்னப்ப, உள்ள இருந்து சார் குரல் கேட்டுச்சு. 'பந்தம் யாருகிட்ட இருக்கு? பந்தம் இல்லாம எப்படி இறங்குறது?'

எட்டிப் பாத்தேன். கூடத்துல பாய். பாய்ல மூணு பேரு. ஒருத்தர் சார். பக்கத்துல ஸ்டோர் கீப்பர் அப்பாராவ் காரு, தெலுங்குக்காரர், 'காரு'ன்னா அவங்க ஊரு மரியாதை. எதிர்ல எங்க ஆபீஸ் டிராஃப்ட்ஸ்மேன் தாஸ் பாபு, பெங்காலி. அவர் முன்னாடி ஒரு அட்டைய நிறுத்தி மறைச்சு வச்சிருந்தாரு. அட்டைக்குப் பின்னாடி ஆபீஸ் டிரேஸிங் பேப்பர்ல ஒரு பெரிய வரைபடம். நடுவுல பிஸ்கட் டின்.

விஷயம் என்னன்னா, சாரோட மச்சினர் சரக்குக் கப்பல்ல ஒயர்லெஸ் ஆபரேட்டர். ஏதோ வெளிநாட்டுத் துறைமுகத்துல வாங்கின ஒரு பெட்டிய இங்க குடுத்துட்டுப் போயிருந்தாரு. அதுல ஒரு புஸ்தகம், விசித்திரமான பகடை. புஸ்தகத்துல இருக்குறபடி ஒருத்தர் பாதாளத்த வரைஞ்சு வச்சுக்கணும். மத்தவங்க ஆளுக்கொரு வீரனா அதுல இறங்கி, பூதம் பேய எல்லாம் அடிச்சுப் புதையல் எடுக்கணும். இப்ப நீங்க பட்டன அமுக்கி ஆடுற அதே ஆட்டம். அப்ப வாயால சொல்லி ஆடினோம். இருபது முகப் பகடை கப்பல்லயே தொலஞ்சு போச்சு. அதுக்குப் பதிலா ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் துண்டுச் சீட்டு எழுதி பிஸ்கட் டின்ல போட்டிருந்தாங்க. பெரிய நம்பர் எடுத்தா பொழச்சோம். சின்னது எடுத்தா போச்சு.

என்னப் பாத்ததும் சார் முகம் மலர்ந்துச்சு. அவர் முகம் மலர்ந்து நான் பாத்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும்.

அவங்களோட ஆடிக்கிட்டிருந்த டைப்பிஸ்ட் கட்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு மாத்தலாகிப் போயிட்டாராம். நாலு பேரு இல்லாம ரெண்டாவது மாடி இறங்கக் கூடாதுன்னு சாரே ஒரு விதி போட்டிருந்தாராம். அதனால உக்காருன்னாரு. நான் லெட்டர வெளிய எடுத்தேன். 'அதெல்லாம் பாத்துக்கலாம், மொதல்ல உக்காரு'ன்னாரு.

கையெழுத்துப் போடுற கை சொல்லுது. உக்காராம இருக்க முடியுமா?

எனக்கு வீரன் கிடையாது. கூலி. பந்தம் புடிக்கிற கூலி, பேரு கூட இல்ல. தாஸ் பாபு காகிதத்துல 'கூலி நம்பர் நாலு'ன்னு எழுதிக் குடுத்தாரு. ஆபீஸ்ல நான் என்னவோ அங்கயும் அதேதான்.

சாரோட வீரன் பேரு வீரப்பிரதாபன். ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வளத்த வீரன். பட்டுத் தலைப்பாகை, வெள்ளிக் கவசம், முப்பத்திரண்டு பூதம் கொன்னவன். அவனப் பத்தி சொல்லும்போது சார் தன்னையறியாம நிமிந்து உக்காந்தாரு. ஆபீஸ்ல ஃபைல் மேல குனிஞ்சே பாத்த மனுசன், எனக்கு அடையாளமே தெரியல. அப்பாராவ் காரு மந்திரவாதி.

பாதாளத்துல யார் முன்னாடி நடக்குறதுன்னு ஒரு வரிசை இருக்கணும். புஸ்தகத்துல பந்தம் புடிக்கிறவன் முன்னாடி போகணும்னு போட்டிருக்குன்னு தாஸ் பாபு சொன்னாரு. சார் ஒத்துக்கல.

'டெம்பரரி ஆளு எனக்கு முன்னாடி நடக்குறதா?'

ஆக சீனியாரிட்டி லிஸ்ட்படி போனோம். சார் முன்னாடி, இருட்டுல. அப்பாராவ் காரு நடுவுல, அரை இருட்டுல. நான் கடைசில, பந்தத்தோட, நல்ல வெளிச்சத்துல.

முதல் ஒரு மணி நேரம் எல்லாம் ஒழுங்காத்தான் போச்சு. ரெண்டு வௌவால், ஒரு எலும்புக்கூடு. சார் சீட்டு எடுத்தா பதினஞ்சு, பதினெட்டுன்னு வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் நான் 'அடடா, சார், எப்படி சார்?'னு சொன்னேன். வெக்கமே இல்ல எனக்கு. மக காது கண்ணு முன்னாடி நிக்குது, வெக்கத்துக்கு எங்க நேரம்.

ரெண்டாவது மாடில ஒரு பெரிய கதவு வந்துச்சு. தாஸ் பாபு குரல மெதுவா எறக்கி, 'தர்வாசா பந்த் ஹை'ன்னாரு. கதவு மூடியிருக்கு. என்ன பண்ணப் போறீங்க?

கதவுன்னு கேட்டதும் எனக்கு உடம்பு தானா எந்திரிச்சிடுச்சு. ரெண்டு வருசப் பழக்கம். ஹெட் கிளார்க் வந்தா ஓடிப் போய் கதவத் திறக்கணும், ஒதுங்கி நிக்கணும், அவர் உள்ள போற வரைக்கும் கதவப் புடிச்சுக்கணும். எங்க ஆபீஸ் கதவுக்கு ஸ்பிரிங் டைட்டு, விட்டா முதுகுல அடிக்கும்.

'நான் கதவத் திறந்து புடிச்சுக்கிறேன். சார் முன்னாடி போங்க சார்'னேன்.

சாருக்கு அந்த மரியாதை ரொம்பப் புடிச்சிருச்சு. சரியான பையன்னு அப்பாராவ் காருவப் பாத்து தலையாட்டினாரு. வீரப்பிரதாபன் கத்தி உறையில இருக்க, கை பின்னாடி கட்டியிருக்க, நம்ம ஆபீஸ்ல நுழையிற மாதிரியே உள்ள நுழைஞ்சான்.

உள்ள யானை சைஸ்ல ஒரு உடும்பு இருந்துச்சு. புஸ்தகத்துல அதுக்கு வேற பேரு. எங்களுக்குப் புரியணும்னு தாஸ் பாபு உடும்பாக்கிட்டாரு.

சார் டின்னுக்குள்ள கைய விட்டாரு. மூணு.

இன்னொரு சீட்டு எடுக்கச் சொன்னாரு தாஸ் பாபு. ரெண்டு.

தாஸ் பாபு பென்சிலக் கீழ வச்சாரு. கதவுகிட்ட நின்ன நீங்க காத வச்சு உள்ள சத்தம் கேட்டிருந்தா உடும்பு மூச்சு விடுறது கேட்டிருக்கும்னு மெதுவாச் சொன்னாரு. அப்பாராவ் காரு உடனே கதவச் சாத்தச் சொன்னாரு. சாத்தினேன். வீரப்பிரதாபன் உள்ள, நாங்க வெளிய.

சார் கண்ணாடியக் கழட்டினாரு. துடைச்சாரு. திரும்பப் போடல.

அந்த நேரம் பாத்து அவர் வீட்டம்மா கமலாக்கா சமையல்கட்டுல இருந்து வந்து, இலை போடவான்னு கேட்டாங்க. வேணாம்னாரு. ஏன்னு கேட்டாங்க.

'வீரப்பிரதாபன் போயிட்டான்'னாரு.

அக்கா ஒரு நிமிசம் பயந்துட்டாங்க. யாரோ சொந்தக்காரன்னு நினைச்சுட்டாங்க பாவம். அப்புறம் பாயப் பாத்தாங்க, டின்னப் பாத்தாங்க. தலைல அடிச்சுக்கிட்டு உள்ள போனாங்க.

நான் போய் லெட்டர நீட்டினேன் பாருங்க, அதுக்கு என்ன செருப்பால அடிக்கணும். ஆனா திங்கக்கிழமை காலை கப்பல் டிக்கெட். எனக்கு வேற வழி தெரியல. சார் லெட்டரப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.

'சாவு விழுந்த வீட்டுல கையெழுத்துக் கேக்குறியே முருகேசு, உனக்கு மனசு வருதா?'

சொல்லிட்டு எந்திரிச்சு நேரா பின்கட்டுக்குப் போனாரு. தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு. மனுசன் நிஜமாவே தலை முழுகுறாரு! மரைன் ஹில்ல குழாய்த் தண்ணி வர்றது காலைல ஒரு மணி நேரம். அன்னைக்குப் பூரா வீட்டுக்கு இருந்த ரெண்டு வாளியையும் வீரப்பிரதாபனுக்கு ஊத்தி முடிச்சுட்டாரு.

கமலாக்காவுக்கு வந்துச்சே கோவம். அத சார் மேல காட்ட முடியாது. என் மேல காட்டினாங்க. 'தம்பி, கதவத் திறந்து விட்டது நீதான? வாளிய எடு'ன்னாங்க.

அடிவாரத்துல நாள் பூரா தண்ணி வர்ற ஒரு பொதுக் குழாய். அங்க வரிசை. ரெண்டு வாளியோட அந்த ஏத்தத்துல ஏறினேன். பாதி என் வேட்டில ஊத்திக்கிச்சு. அக்கா எட்டிப் பாத்துட்டு இன்னொரு நடை போகச் சொன்னாங்க. போனேன்.  அந்த ஏத்தத்துல ஒரு இடத்துல கடல் தெரியும். கடலப் பாத்தேன். நாளான்னைக்கு இதுல போகணும் நான். ஒரு கையெழுத்துக்கு இப்படியான்னு எனக்கே அழுகையா வந்துச்சு.

திரும்பி வந்தப்ப தாஸ் பாபு புஸ்தகத்தப் புரட்டிக்கிட்டு இருந்தாரு. நல்ல மனுசன். என் நிலைமை அவருக்குப் புரிஞ்சிருச்சு. அவரும் கல்கத்தால அம்மாவ விட்டுட்டு வந்தவரு, லீவு லெட்டரோட அருமை தெரியும். ஒரு பக்கத்துல விரல வச்சு, மூணாவது மாடில ஒரு கெணறு இருக்கு, அந்தத் தண்ணிய ஊத்தினா செத்தவன் எந்திரிப்பான்னு வாசிச்சாரு. ஆனா பந்தம் அணையறதுக்குள்ள ஊத்தணும்.

சார் ஈரத் தலையோட வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. 'யாரு போறது?'ன்னாரு. 

அப்பாராவ் காரு எந்திரிச்சு சட்டையப் போட்டுக்கிட்டாரு. அவர் வீட்டுல ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு. மந்திரமும் ஒண்ணும் பாக்கி இல்லன்னு சொல்லிட்டு மலை இறங்கிட்டாரு.

பாக்கி இருந்தது கூலி நம்பர் நாலு.

பந்தம் எவ்வளவு நேரம் எரியும்னு கணக்குக்குத் தாஸ் பாபு ஒரு ஊதுபத்தியக் கொளுத்தி வாழைப்பழத்துல குத்தி வச்சாரு. அத அடுப்பங்கரையில இருந்தே பாத்த கமலாக்கா, 'ஊதுபத்தி வேறயா? மாலை மட்டும்தான் பாக்கி'ன்னாங்க.

இறங்கினேன். கத்தி கிடையாது. கவசம் கிடையாது. பந்தமும் ஈர வேட்டியும்.

மூணாவது மாடி வாசல்ல எலும்புக்கூட்டுக் காவக்காரன். எட்டடி உயரம், கையில ஈட்டி. தாஸ் பாபு அடிக்கப் போறியா, ஓடப் போறியான்னு கேட்டாரு. எனக்கு அடிச்சும் பழக்கமில்ல, ஓடியும் பழக்கமில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, எந்த ஆபீஸ் வாசல்லயும் பியூன் மறிச்சா நான் சொல்றது. அதையே எலும்புக்கூட்டுகிட்டயும் சொன்னேன்.

'படா சாஹிப் நே புலாயா ஹை.'

பெரிய அதிகாரி கூப்பிட்டாருன்னு அர்த்தம். தாஸ் பாபு என்ன முறைச்சுப் பாத்தாரு. புஸ்தகத்தப் பாத்தாரு. புஸ்தகத்துல இதுக்கு விதி இல்ல. அவரே எத்தனையோ வாசல்ல அதைச் சொல்லி உள்ள போனவரு. சிரிச்சுட்டாரு. சீட்டு எடுக்கச் சொன்னாரு. பதினொண்ணு. எலும்புக்கூடு ஈட்டிய ஓரமா வச்சு வழிவிட்டுச்சு.

சார் பாய்ல வந்து உக்காந்துட்டாரு.

கெணறு வந்துச்சு. கயிறு இல்ல. கூலிகிட்ட கயிறு கூட இல்லாமத்தான் அனுப்பியிருக்காங்க. ஊதுபத்தி பாதிக்கு வந்துடுச்சு. மேல போய் செத்தவன் தலைப்பாகைய அவுத்துட்டு வந்துடலாமான்னு யோசிச்சேன். உள்ள உடும்பு. அப்புறம், நிஜத்துலயும் என் இடுப்புல என்ன இருந்துச்சோ அதையே சொன்னேன். வேட்டிய அவுத்து, முறுக்கி, கெணத்தடியில கிடந்த ஒரு பானையில கட்டி எறக்கினேன். தாஸ் பாபு அதையும் காகிதத்துல குறிச்சுக்கிட்டாரு. அன்னைலேர்ந்து ஆபீஸ்ல எனக்குக் கொஞ்ச நாள் இருந்த பட்டப் பேர இங்க எழுத முடியாது.

பானைத் தண்ணியோட அந்தக் கதவுக்கு முன்னாடி திரும்ப வந்து நின்னேன். ஊதுபத்தி சுண்டுவிரல் உசரம். உள்ள உடும்பு முழிச்சுக்கிட்டு இருக்கு. கதவ நகத்தால பிராண்டுற சத்தம் கேக்குதுன்னாரு தாஸ் பாபு. என்ன பண்ணப் போற?

சார் என் முழங்கையப் புடிச்சுக்கிட்டாரு. ஆறு மாசம் முருகேசு, ஆறு மாசம்னு முணுமுணுத்தாரு. எனக்கு ஏழு மாசம் சார்னு சொல்லணும் போல இருந்துச்சு. 

எனக்கு ஒரு யோசனையும் வரல. நிஜமாச் சொல்றேன், ஒரு வீரமும் இல்ல, புத்தியும் இல்ல. மூளை வேலை செய்யாதப்ப ஒடம்பு பழக்கத்தத்தான் செய்யும். வாய் தானாச் சொல்லிடுச்சு.

'நான் கதவத் திறந்து புடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறேன்.'

சார் என் கைய விட்டுட்டாரு. 'மறுபடியுமாடா?'ன்னாரு.

 தாஸ் பாபு டின்ன என் பக்கம் தள்ளினாரு. கைய விட்டேன். பத்தொம்பது.

பிராண்டிக்கிட்டு இருந்த உடும்பு, கதவு திறந்த வேகத்துல நேரா வெளிய பாஞ்சுடுச்சு. கதவுக்குப் பின்னாடி நிக்கிற கூலிய யாரு பாக்குறா? ஆபீஸ்லயே யாரும் பாத்தது கிடையாது. அது போனதும் நான் உள்ள போய் கதவச் சாத்தினேன். தண்ணிய ஊத்தினேன். ஊதுபத்தி சாம்பல் வாழைப்பழத்து மேல விழுந்துச்சு.

வீரப்பிரதாபன் கண்ணத் திறந்துட்டான்னு தாஸ் பாபு சொன்னாரு.

சார் அழுதுட்டாரு. சத்தியமா. ஐம்பது வயசு ஹெட் கிளார்க், ஒரு நாளும் யார் லீவுக்கும் மனசு இரங்காத ஆளு, என்னக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு. நான் நினைச்சது டிக்கெட். அவர் நினைச்சது வேற. ஆனாலும் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் அழுதோம்.

கமலாக்கா இலை போட்டாங்க. எனக்கும் போட்டாங்க. மணி நாலரை. சாம்பார்ல உப்பு இருந்துச்சா இல்லையான்னு கூடத் தெரியாது, அள்ளி அள்ளித் தின்னேன்.

கை கழுவிட்டு வந்ததும் சாரே கேட்டாரு, எங்கப்பா உன் லெட்டரு? மடில இருந்து எடுத்துக் குடுத்தேன். வாளித் தண்ணில ஒரு ஓரம் நனஞ்சிருந்துச்சு. பேனாவத் திறந்து, இவர் நேர்மையானவர், கடும் உழைப்பாளி, ஆபத்துக் காலத்தில் நிதானம் தவறாதவர்னு இங்கிலீஷ்ல நாலு வரி எழுதினாரு. அவர் கையால அப்படி ஒரு பரிந்துரைய எங்க ஆபீஸ்ல எவனும் வாங்கினதில்ல. கையெழுத்துப் போட்டாரு. மனசு குளுந்து போச்சு எனக்கு.

அப்புறம் லெட்டர்ல மேல் வரிக்குப் போயி, நாப்பத்தஞ்சு நாள்ங்கறத ஒரு கோடு கிழிச்சு, பதினஞ்சுன்னு எழுதினாரு.

நான் பதறிட்டேன். கப்பல் போக நாலு நாள், வர நாலு நாள் சார்னேன். தெரியும்னாரு. கப்பல் மெட்ராஸ்ல நிக்கிறதே அஞ்சு நாள்தான் சார்னேன். அதுவும் தெரியும்னாரு. தோள்ல கைய வச்சு, ரொம்பப் பாசமாச் சொன்னாரு.

'உடும்பு வெளிய சுத்துதுப்பா. நீ இல்லாம ரெண்டு ஞாயித்துக்கிழமைதான் எங்களால தாங்க முடியும்.'

காலைல நான் சரியா ஆடாததால கையெழுத்துக் கிடைக்கல. சாயங்காலம் சரியா ஆடினதால சுட்டி போச்சு. இதுல நான் எப்படி ஆடியிருக்கணும்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

திங்கக்கிழமை டிக்கெட் கிடைச்சுது. பங்க் கிளாஸ், கப்பலோட அடிவயித்துல. நாலு நாள் வாந்தி. மெட்ராஸ்ல இறங்கி, ஒரு ராத்திரி ரயில், அப்புறம் பஸ். கப்பல் திரும்பக் கிளம்புறதுக்கு முந்தின நாளே துறைமுகத்துல நிக்கணும். கழிச்சுப் பாத்தா என் மகளோட இருக்க எனக்குக் கெடச்சது ரெண்டு நாள்.

முதல் நாள் என்னப் பாத்து வீறிட்டு அழுதா. ரெண்டாவது நாள் மொட்டையடிச்சு, மாமன் மடில வச்சுக் காது குத்தினாங்க. வலில கத்திக்கிட்டே யாருகிட்டப் போறதுன்னு சுத்திப் பாத்தா. பக்கத்துல நின்னது நான். எங்கிட்டத் தாவிட்டா. அந்த மொட்டைத் தலை சந்தனம் என் சட்டை பூரா ஒட்டிக்கிச்சு. அத வச்சுக்கிட்டு நான் நின்ன சந்தோசத்த எனக்கு எழுதத் தெரியல. ராத்திரி என் நெஞ்சு மேலயே தூங்கிட்டா. விடியக்கால பஸ்ஸுக்கு அவளத் தூக்கிப் பாய்ல போடும்போது கை வரல.

என் சம்சாரம் வாசல் வரைக்கும் பையத் தூக்கிக்கிட்டு வந்தா. ரெண்டு நாளா ஒரு வார்த்தை கோவிச்சுக்கல. பஸ் வர்ற நேரத்துலதான் கேட்டா.

'ஏழு மாசம் கழிச்சு வந்த மனுசன ரெண்டு நாள்ல திருப்பிக் கூப்பிடுறாங்களே, நீங்க இல்லாம ஓடாத அளவுக்கு அங்க அப்படி என்ன வேலை?'

ஆடிட்னு சொன்னேன்.